கம்பத்து (கிராமத்து) நிலத்தில் தண்ணீர்க் கோளாறு: அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் பல இப்போது சொந்தமாக 2 ஏக்கர், 3 ஏக்கர் வாங்கி வைத்திருக்கின்றன. டுரியான், வாழை, கொஞ்சம் காய்கறி, ஓரத்தில் ஒரு கோழிக் கொட்டகை. சாலை எப்படியோ வந்துவிடுகிறது, மின்சாரமும் வந்துவிடுகிறது. குழாய்த் தண்ணீர்தான் கடைசிவரை வருவதில்லை. அப்புறம் கிணறு, ஊற்று, மலைத் தண்ணீர், போரிங் என்று ஆளுக்கொரு வழி தேடுகிறார்கள். பணம் கரைந்த பிறகு “நம்ம நிலத்துல தண்ணி ராசி இல்ல” என்று சொல்லிவிடுகிறார்கள்.

ராசியெல்லாம் இல்லை. தீபகற்பத்தில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தண்ணீர் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. நாம் அதைத் தவறான மாதத்தில் தேடியிருப்போம், அல்லது அது வீட்டுக்கு வரும் வழியில் எங்கோ நின்றிருக்கும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். வீட்டுக் குழாயடியில் நின்று புலம்பாமல், தண்ணீர் புறப்படும் இடத்துக்கு நடந்து போங்கள். கையில் 20 லிட்டர் வாளி ஒன்று, கைத்தொலைபேசியில் கடிகாரம். வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். 5 நிமிடம் ஆனால் நிமிடத்துக்கு 4 லிட்டர். பார்க்க ஒழுகல் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு 5,760 லிட்டர். ஆளுக்கு 200 லிட்டர் என்று தாராளமாகப் போட்டாலும் 5 பேர் வீட்டுக்கு 1,000 லிட்டர்தான் வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் “சின்ன ஊற்று, பத்தாது” என்று விட்டுவிட்டு, பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து போரிங் போட்டவர்கள் இங்கே உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெரிய டேங்கி மட்டுமே.

“நிலத்துல எங்க தேடுறதுன்னே தெரியல”

தீபாவளி நேரத்தில் தேடப் போகாதீர்கள். அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரைப் பக்கம் மழை உச்சத்தில் இருக்கும். காலை வைத்த இடமெல்லாம் ஊற்று மாதிரிதான் தெரியும். தைப்பூசம் முடிந்த பிறகோ, ஆனி, ஆடியிலோ, இரண்டு வாரம் மழையில்லாமல் இருக்கும்போது போங்கள். அப்போதும் ஈரமாக இருக்கும் இடம்தான் உண்மையான இடம்.

மேட்டில் நின்று தேடுவதில் பயனில்லை. சரிவு முடிந்து நிலம் மட்டமாகும் அந்த மடிப்பில் பாருங்கள். நம் கிழக்குப் பக்கத்து மலையெல்லாம் கருங்கல் மலை. மேலே மக்கிய மண் மழையை உறிஞ்சிக்கொள்ளும். அடியில் இறுகிய களியோ பாறையோ தடுக்கும். தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து சரிவின் அடிவாரத்தில் வெளியே வரும். அங்கே செடிகளே காட்டிக்கொடுக்கும். காட்டுச் சேம்பு கூட்டமாக நிற்பது, மெங்குவாங் தாழை, மற்ற இடமெல்லாம் லாலாங் புல் காய்ந்து கிடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பெரணிச் செடி பச்சையாக இருப்பது ஆகியவை நல்ல குறிகள். காட்டுப்பன்றி புரண்ட சேற்றுக் குழி வெயில் காலத்திலும் ஈரமாக இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய தோட்டத்து நிலமாக இருந்தால் அங்கே வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். லயத்துக் (தொழிலாளர் வரிசை வீட்டுக்) கிணறு எங்கே இருந்தது, எந்தப் பள்ளத்தில் பால்மரத்துக்கு (ரப்பர் மரத்துக்கு) வேர் அழுகல் வந்தது, எங்கே மண்டோர் (மேற்பார்வையாளர்) வடிகால் வெட்டச் சொன்னார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். நீரோட்டம் பார்க்கிறவர் குச்சியோடு வந்தால் தடுக்க வேண்டாம், ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: “எத்தனை அடியில், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்?” நம் நாட்டு ஈரத்தில் எங்கே தோண்டினாலும் கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும் என்பதால், ‘இருக்கிறது’ என்று சொல்வதில் பெரிய திறமை எதுவும் இல்லை.

“ஊற்றைக் கட்டினோம், கட்டினதும் தண்ணி குறைஞ்சிடுச்சு”

இது அடிக்கடி வரும் புகார். காரணமும் பெரும்பாலும் ஒன்றேதான்: ஊற்றுக்கண்ணுக்கு மேலே தண்ணீரைத் தேக்கியிருப்பார்கள். ஊற்று தன் வழியே வெளியே வருவதற்கு அந்த மட்டத்தில் தடை இல்லாததுதான் காரணம். அதற்கு முன்னால் சுவர் எழுப்பி, கண்ணுக்கு மேல் 3 அடி தண்ணீர் நிறுத்தினால், அந்தப் பாரம் ஊற்றையே பின்னுக்குத் தள்ளும். தண்ணீர் மண்ணுக்குள் வேறு வழி தேடிப் போய்விடும். சிலசமயம் சுவரை இடித்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது.

இன்னும் முழுதாகப் போகவில்லை என்றால், வெளியேறும் குழாயையும் வழிந்தோடும் குழாயையும் ஊற்றுக்கண்ணின் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். பெட்டிக்குள் தண்ணீர் எந்த நேரமும் கண்ணுக்குக் கீழேயே நிற்க வேண்டும். சேமிப்பு வேண்டுமானால் கீழே தனியாக டேங்கி வையுங்கள். ஊற்றுப் பெட்டியைச் சேமிப்புத் தொட்டி ஆக்கக்கூடாது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் இந்த வரிசையில் போகலாம். வெயில் காலத்தில், தண்ணீர் வரும் திசையிலேயே சரிவுக்குள் மெதுவாகத் தோண்டிப் போங்கள். பரவலாகக் கசிந்தது ஓரிடத்தில் சேர்ந்து, அடியில் இறுகிய களி தட்டுப்படும் வரை தோண்டலாம். அந்தக் களியை உடைத்துவிடாதீர்கள், தண்ணீரைத் தாங்குவதே அதுதான். கண்ணுக்கு முன்னால் கழுவிய கல், அதற்கு முன்னால் சிமெண்ட் பெட்டி, மேலே இறுக்கமான மூடி. மூன்று குழாய்கள் வேண்டும்: வீட்டுக்குப் போவது, வழிந்தோடுவது, அடியில் சேறு கழுவ ஒன்று. வழிந்தோடும் குழாயின் வாயில் கம்பி வலை போடுங்கள், இல்லாவிட்டால் தவளை குடிபுகுந்துவிடும். பெட்டிக்கு மேல் பக்கம் சில மீட்டர் தள்ளி, மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். சுற்றி வேலி. வாய்க்காலும் வேலியும் அலங்காரம் என்று நினைத்து விடுபவர்கள்தான் பிறகு “மழை பெய்தா தண்ணி கலங்குது” என்று வருவார்கள்.

“கிணறு தை மாசத்துல காயுது”

தோண்டிய மாதத்தைக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். மழைக் காலத்தில் தோண்டினால் 8 அடியில் தண்ணீர் வரும், ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். வெயிலில் நீர்மட்டம் இறங்கியதும் கிணறு வெறும் பள்ளம். வழி: காய்ந்திருக்கும் அந்த நேரத்திலேயே ஆழப்படுத்துங்கள். வெயில் கால மட்டத்துக்குக் கீழே இன்னும் 2 மீட்டராவது தண்ணீர் நிற்க வேண்டும். 1.2 மீட்டர் அகல சிமெண்ட் வளையம் இறக்கினால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 1,100 லிட்டர் நிற்கும்.

வழக்கமாகக் காயாத கிணறு திடீரென்று காய ஆரம்பித்தால் பக்கத்து நிலத்தைப் பாருங்கள். யாராவது செம்பனைக்காக வடிகாலை ஆழப்படுத்தியிருந்தால் சுற்றுவட்டார நீர்மட்டமே இறங்கிவிடும். தாழ்வான பகுதிகளில் இது நிறைய நடக்கிறது. அவரோடு சண்டை போடுவதைவிட, வடிகாலில் ஒரு சின்னத் தடுப்புப் பலகை வைக்க முடியுமா என்று பேசிப் பார்ப்பது மேல்; வெயில் காலத்தில் அவர் மரத்துக்கும் தண்ணீர் வேண்டும்தானே.

ஆழப்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. உள்ளே இருப்பவரும் போவார், அவரைத் தூக்க இறங்கியவரும் போவார். மெழுகுவத்தி அணைகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இந்த வாயுவைக் காட்டாது. மோட்டார் மேலே தள்ளியே இருக்கட்டும், உள்ளே இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும், மேலே இரண்டு பேர் நிற்கட்டும்.

“பம்பு ஓடுது, தண்ணி ஏறல”

மேலே வைத்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது. எத்தனை குதிரைத்திறன் வாங்கினாலும் அதேதான். தண்ணீரை மேலே தள்ளுவது காற்றழுத்தம், பம்பு அல்ல. பம்பிலிருந்து நீர்மட்டம் வரை கயிற்றில் கல் கட்டி அளந்து பாருங்கள். 7 மீட்டரைத் தாண்டினால் தண்ணீருக்குள் மூழ்கும் பம்பு வேண்டும், அல்லது கிணற்றுக்குள் ஒரு மேடை கட்டிப் பம்பைக் கீழே இறக்க வேண்டும் (மின்சார பம்பு மட்டும்).

ஆழம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் தண்ணீருக்குள் இருக்கும் குழாய் முனையின் அடி வால்வு பழுதாகியிருக்கும், அல்லது உறிஞ்சும் குழாயின் ஏதோ ஓர் இணைப்பில் காற்று புகும். காற்று புகும் இடத்தில் தண்ணீர் வெளியே ஒழுகாது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நுரை தடவி, பம்பு ஓடும்போது நுரை உள்ளே இழுபடுகிறதா என்று பாருங்கள்.

முதல் அரை மணி நேரம் நன்றாக வந்து அப்புறம் நின்றுவிடுகிறதா? அது பம்புக் குறையல்ல. கிணறு சுரப்பதைவிட வேகமாக இறைக்கிறீர்கள். சின்ன பம்பு, பெரிய டேங்கி, இடைவெளி விட்டு ஓட்டுவது, இவ்வளவுதான் மருந்து. கடைத் தோக்கே (முதலாளி) இன்னும் பெரிய பம்பைக் காட்டினால் சிரித்துக்கொண்டே வந்துவிடுங்கள்.

“மலைத் தண்ணி பைப்பு தானா நின்னுடுது”

மேலே போய்ப் பார்த்தால் வாய் நிறையத் தண்ணீர், கீழே ஒரு சொட்டு இல்லை. குழாயைக் கழற்றிக் குலுக்கினால் சிறிது நேரம் வருகிறது, மறுபடி நிற்கிறது. அப்படியானால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. கறுப்பு பாலி பைப்பைத் தரையின் போக்கிலேயே போட்டுவிடுவார்கள். மேடு வரும் இடமெல்லாம் குழாயும் மேலே வளையும், காற்று அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் மருந்து, குழாய் வாயை ஒழுங்காகத் தண்ணீருக்குள் அமிழ்த்துவது. நீர் சுழித்துக் காற்றை இழுக்காதபடி குறைந்தது ஓர் அடி ஆழத்தில் இருக்கட்டும். இரண்டாவது, தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து முதல் 20, 30 மீட்டருக்கு ஒரு அளவு பெரிய குழாய் போட்டு நல்ல சரிவு கொடுப்பது. மூன்றாவது, தவிர்க்க முடியாத ஒவ்வொரு மேட்டிலும் ஒரு டி-இணைப்பு வைத்துச் சிறிய வால்வு பூட்டுவது. தண்ணீர் விட்டதும் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறந்து, காற்று சீறி முடிந்து தண்ணீர் தெறித்ததும் மூடிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் எடுக்கும் இடத்தின் மட்டத்தைவிட உயரமான மேடு ஒன்று வழியில் இருந்தால் வால்வு உதவாது. குழாயைச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இலை அடைப்பு தனிக் கதை. குழாய் வாயில் வெறும் வலை கட்டினால் ஒரே மழையில் மூடிக்கொள்ளும். துளையிட்ட பிவிசி குழாயை ஓடைப் படுகையில் கல்லுக்கும் கூழாங்கல்லுக்கும் அடியில் புதைத்தால் இலை மேலேயே ஓடிவிடும். குழாய் போகும் வழியில் குரங்கும் பன்றியும் கை வைக்கும் என்பதால் முடிந்த இடமெல்லாம் ஓர் அடி ஆழத்தில் புதைப்பது நல்லது.

தண்ணீர் வருகிறது, வேகம் மட்டும் இல்லையா? டேங்கிக்கும் குழாய்க்கும் 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் அழுத்தம். 3 மீட்டர் உயரத்தில் டேங்கி வைத்துவிட்டு சுடுநீர் ஷவரைக் குறை சொல்ல முடியாது.

“எடுக்கும்போது தெளிவு, ஒரு மணி நேரத்துல செம்மண் நிறம்”

இது இரும்பு. நிலத்தடியில் காற்று படாதவரை கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். வாளியில் காற்று பட்டதும் துருவாகப் பிரியும். வீட்டிலேயே சோதிக்கலாம்: அந்தத் தண்ணீரில் பால் ஊற்றாமல் தேத்தண்ணி போடுங்கள். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். மலேசியாவின் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பு வரைதான் அனுமதிக்கிறது. அதைத் தாண்டினாலே வெள்ளைச் சட்டை மஞ்சளாகும்.

வடிகட்டி வாங்கி நேரே குழாயில் மாட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும், நிறமும் போகாது; கரைந்த இரும்பை அப்படியே வடிகட்ட முடியாது. முதலில் அதைத் துருவாக்க வேண்டும். டேங்கிக்கு மேலே துளையிட்ட குழாயில் தண்ணீரை ஷவர் மாதிரி தூவி, கல் நிரப்பிய இரண்டு மூன்று தட்டுகள் வழியாக இறங்கவிடுங்கள். கீழே சில மணி நேரம் தேங்கட்டும், துரு அடியில் படியும். அதற்குப் பிறகு கழுவிய ஆற்று மணல் 60 சென்டிமீட்டர் போட்ட பீப்பாய். மணலின் மேல் அடுக்கு செந்நிறமானதும் சுரண்டிக் கழுவிக்கொள்ளலாம்.

இப்படிச் செய்தும் சரியாகவில்லை என்றால் தண்ணீர் அமிலமாக இருக்கலாம். கருங்கல் மலையடியிலும் கரிச்சேற்று நிலத்திலும் இது சகஜம். அமிலத் தண்ணீரில் இரும்பு துருவாக மாறுவது மிக மெதுவாக நடக்கும். தட்டுகளில் கருங்கல்லுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் போடுங்கள். ஈப்போ பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்கா பஞ்சம்? அமிலம் குறையும், இரும்பும் சீக்கிரம் படியும். கல் கரையக் கரைய நிரப்பிவர வேண்டும்.

தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுமினுத்தால் பயந்துவிடாதீர்கள். குச்சியால் கிளறுங்கள். சில்லு சில்லாக உடைந்தால் அது இரும்பு தின்னும் பாக்டீரியா, அசிங்கம்தான், ஆபத்தில்லை. உடையாமல் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் அது நிஜமான எண்ணெய். எங்கே டீசல் கொட்டியது என்று தேடுங்கள்.

“அழுகின முட்டை வாடை”

காற்றில்லாத சேற்றில் உண்டாகும் வாயு. மேலே சொன்ன தூவும் தட்டே பெரும்பாலும் போதும். சுடுநீரில் மட்டும் வாடை என்றால் தண்ணீரில் குறையில்லை, சுடுநீர்க் கலத்தைப் பாருங்கள்.

“எந்நேரமும் கலங்கல்”

மழைக்குப் பிறகு மட்டும் கலங்கினால் மேல் தண்ணீர் புகுகிறது: கிணற்று வாயை உயர்த்துங்கள், மேல் வளையங்களின் இணைப்பைப் பூசுங்கள், சுற்றிலும் சிமெண்ட் தளம் போடுங்கள். மழையில்லாமலும் கலங்கினால், அதிலும் போரிங்கில் மணல் வந்தால், கொந்திராக்கு (ஒப்பந்தக்காரர்) வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார். துளையிட்டுக் குழாய் இறக்கியதோடு கிணறு முடிந்துவிடாது. கம்ப்ரசர் காற்றடித்தும் விட்டுவிட்டு இறைத்தும் வடிகுழாயைச் சுற்றியுள்ள நுண்மணலை வெளியேற்ற வேண்டும், தண்ணீர் தெளியும் வரை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புக்கல் குன்றுப் பக்கம் நிலம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாமலும் போகலாம். அங்கே பாறைக்குள் பொந்துகள் உண்டு. மேலே பெய்த மழை வடிகட்டப்படாமலே நேரே உங்கள் போரிங்குக்கு வந்துசேரும். கெட்டிலில் வெள்ளை உப்பு படிவதும் அங்கேதான். கண்மூடித்தனமாக இறைத்தால் மேல்மண் உள்வாங்கவும் வாய்ப்புண்டு.

“தண்ணி தெளிவா இருக்கு, பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்ல”

தெளிவைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் இது. கழிவுத்தொட்டி, மாட்டுக் கொட்டகை எல்லாம் கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, சரிவில் கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். திறந்த கிணற்றுக்கு மூடி போடுங்கள். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உயிரையே வாங்கும்.

கிணற்றைச் சுத்தம் செய்ய, வாசனை சேர்க்காத 5 சதவீத குளோரின் வெளுப்பு நீரை, நிற்கும் தண்ணீரில் 1,000 லிட்டருக்கு 1 லிட்டர் என்று ஊற்றுங்கள். வாளியில் அள்ளிச் சுவரிலும் ஊற்றி, எல்லாக் குழாயிலும் வாடை வரும் வரை திறந்து, இரவு முழுதும் விடுங்கள். மறுநாள் வாடை போகும் வரை நிலத்தில் இறைத்துவிடுங்கள், மீன் குட்டையிலோ ஓடையிலோ அல்ல. அதற்குப் பிறகும் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைப்பதை நிறுத்த வேண்டாம்.

கொதிக்க வைத்தால் போகாதவையும் உண்டு. செம்பனை உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட், கொதிக்கக் கொதிக்கச் செறிவுதான் ஆகும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அது ஆகாது. பழைய ஈயக்குட்டை (வெள்ளீயம் தோண்டிய குட்டை) பக்கத்து நிலத்தில் ஆர்சனிக் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் நாக்கும் கண்ணும் உதவாது, பரிசோதனைக்கூடம்தான். கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் போத்தலிலேயே பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். மாவட்டச் சுகாதார இலாகாவையும் கேட்டுப் பாருங்கள். கிராமப்புறத் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்கும் அவர்களிடம் பாகாஸ் என்ற திட்டம் இருக்கிறது.

“எதுவும் சரிவரல”

கூரையைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். முதல் சில நிமிடத் தண்ணீரைத் தனியே வடியவிட்டு அப்புறம் டேங்கிக்குத் திருப்புங்கள், முக்கியமாகப் புகைமூட்ட காலத்துக்குப் பிறகு. பழைய லயத்து அஸ்பெஸ்டாஸ் கூரையாக இருந்தால் செடிக்கு மட்டும். டேங்கி வாயில் வலை இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வரும், பின்னாலேயே சுகாதார அதிகாரி அபராதச் சீட்டோடு வருவார்.

“அனுமதி இருக்கான்னு யாராவது கேட்பாங்களா?”

கேட்பார்கள். மலேசியாவில் நிலமும் தண்ணீரும் மாநில அதிகாரத்தில் வருபவை. சிலாங்கூரில் லுவாஸ் என்ற நீர் நிர்வாக வாரியம், மற்ற மாநிலங்களில் வேறு அலுவலகங்கள். முதலில் மாவட்ட நில அலுவலகத்தில் விசாரியுங்கள். போரிங் போடுவதற்கு முன் கனிமவளம், புவி அறிவியல் இலாகாவிடமும் கேளுங்கள். உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே போட்ட கிணறுகளின் ஆழம், மண் அடுக்கு விவரம் அவர்களிடம் இருந்தால் செலவு மிச்சம். தண்ணீர் எடுக்கும் இடம் வனக் காப்பகத்துக்குள் இருந்தால் வன இலாகாவின் அனுமதி வேண்டும். அடுத்தவர் நிலத்தின் வழியே குழாய் போகிறது என்றால் வாய்வார்த்தையோடு விடாமல் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் கை மாறினால் புது முதலாளி முதலில் பிடுங்குவது அந்தக் குழாயைத்தான்.